முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று

ஹார்வில் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து அணி பந்தை எத்தனை முறை கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும், எத்தனை முறை முன்னால் எறிய வேண்டும் என்பது குறித்துப் பள்ளி வாரியம் ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஒரு கொள்கையை நிறைவேற்றியது. பதினொரு பக்கம். ஆதரவு ஆறு, எதிர்ப்பு இல்லை. ஏழாவது உறுப்பினர் சோள அறுவடை இயந்திரத்துக்கு உதிரிபாகம் வாங்கப் போயிருந்தார்.

எங்கள் கால்பந்தில் காலுக்கு அதிக வேலை கிடையாது. பந்து கையில் இருக்கிற அணிக்கு நான்கு முயற்சி. அதற்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரிக்குப் போய்விடும். முன்னேற வழி இரண்டுதான், ஓட்டம் அல்லது வீச்சு. நெப்ராஸ்காவில் நாங்கள் ஓடுகிறவர்கள். காற்று அப்படி.

தலைமைப் பயிற்சியாளர் டெல்மர் க்ரூக் இருபத்திரண்டு வருடமாக ஓடச் சொல்லியே வந்தவர். மனைவி போன பிறகு அவருக்கு என்று மிஞ்சியது அந்த மைதானம்தான். நான் ஆர்லன் விட்டெக், புவியியல் ஆசிரியர். பதினாறு வருடம் அவருக்கு உதவிப் பயிற்சியாளனாக இருந்தேன்.

வினை அதற்கு முந்தைய நவம்பரில் ஆரம்பித்தது. நாற்பத்தேழு ஓட்டம், மூன்று வீச்சு என்று ஆடி ஒரு ஆட்டத்தில் தோற்றோம். ஜெயித்திருந்தால் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். டயர் கடை ராட் ஹாலிக் எண்ணினார். அவருடைய மகன் வெஸ்லி எங்கள் அணியில் பந்து பிடிப்பவன். அந்தப் பருவம் முழுக்க அவனை நோக்கி ஐந்து வீச்சு போயிருந்தது. ராட் ஒரு மனு எழுதி, அணிக்கு நிதி திரட்டும் பான்கேக் விருந்துக்கு எடுத்து வந்தார். நூற்றுப் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள். என் கையெழுத்து நாற்பத்தோராவது. என் கையில் முள்கரண்டி இருந்தது. யாரோ அதை வாங்கிக்கொண்டு பேனாவைக் கொடுத்தார்கள். வேறு காரணம் இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை.

வாரியத் தலைவி மார்லிஸ் எங்க்வால் எதையும் முறையாகச் செய்கிறவர். ஒமாஹாவிலிருந்து டாக்டர் ப்ரெஸ்காட் என்ற சமநிலை ஆலோசகரை வரவழைத்தார். அவர் ஏற்கெனவே மூன்று மருத்துவமனைகளையும் ஒரு விலங்குக் காட்சிசாலையையும் சமநிலைப்படுத்தியவர். சுவரில் ஒரு படம் காட்டினார். ஏற்ற இறக்கமில்லாமல் நேராக நிற்கும் சீசாப் பலகை.

"பலக நேரா நிக்குதுன்னா யாரும் விளையாடலன்னு அர்த்தம்" என்றார் கோச் க்ரூக் மெல்ல.

அது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

கொள்கை எளிமையானது. ஆட்ட முடிவில் ஓட்டமும் வீச்சும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். முதல் மீறலுக்கு எச்சரிக்கை, இரண்டாவதற்குக் கடும் எச்சரிக்கை, மூன்றாவதற்கு விசாரணையின்றிப் பணிநீக்கம். கோச் எழுந்து நின்று சந்தேகம் கேட்டார்.

"எதிராளிக்கு ஓட்டத்தைத் தடுக்கத் தெரியலன்னு வைங்க, மேடம். ஓடிக்கிட்டே இருக்கலாம்ல?"

"அது அடுத்தவங்க பலவீனத்தைச் சுரண்டறது, கோச். நம்ம பள்ளியோட விழுமியங்கள் மூணாம் பக்கத்துல இருக்கு."

"பனி கொட்டுச்சுன்னா?"

"பனிக்கும் பொருந்தும்."

"சரி, மொத்தம் ஒத்தப்படையில வந்துச்சுன்னா?"

மார்லிஸ் பக்கத்தைப் புரட்டினார். "வராம பாத்துக்கறது தலைமைப் பயிற்சியாளரோட கடமை. ஆறாம் பக்கம்."

எண்ணிக்கையைப் பதிவு செய்ய ஒரு சமநிலை அலுவலர் தேவைப்பட்டார். என் தேர்வுத்தாளில் பாதி வரைபடம், பாதி கட்டுரை இருக்கும் என்பதால் என்னை நியமித்தார்கள். பச்சை அட்டை போட்ட நோட்டு ஒன்றும், கழுத்தில் மாட்டப் பென்சிலும் தந்தார்கள். விதி ஏழு என்னைப் பற்றியது: 'சமநிலை அலுவலரின் நோட்டில் எது பதிவாகியுள்ளதோ, அதுவே மைதானத்தில் நடந்ததாகக் கருதப்படும்.' அதைப் படித்தபோது எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அதை நினைத்து இப்போது வெட்கப்படுகிறேன். ஆனால் அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

சமநிலை ஊருக்குள் பரவியது. உற்சாகமூட்டும் பெண்கள் 'ஓடு' என்று எத்தனை தடவை கத்தினார்களோ அத்தனை தடவை 'எறி' என்றும் கத்தினார்கள். லூத்தரன் தேவாலயத்தில் போதகர் பாதி நேரம் சொர்க்கம், பாதி நேரம் நரகம் என்று பிரித்துப் பேசினார். நரகத்தின்போது யாரும் தூங்கவில்லை என்று கேள்வி. பள்ளி உணவகத்தில் ஒரு கிண்ணம் சில்லிக்கு ஒரு சின்னமன் ரோல் என்று காரத்தையும் இனிப்பையும் சேர்த்துத் தின்பது எங்கள் மாநிலத்தின் பழைய வழக்கம். டாக்டர் ப்ரெஸ்காட் அதை நம் முன்னோர்கள் அறிந்திருந்த சமநிலை என்று பாராட்டினார். மறுநாளிலிருந்து இரண்டு ரோல் எடுத்த பிள்ளைகளின் பெயரைக் குறித்துக்கொண்டார்கள்.

பருவம் தொடங்கியது. முதல் மீறல் மூன்றாவது ஆட்டத்தில் வந்தது. எங்கள் அணியில் பந்தை எறிகிறவன், அதாவது குவார்ட்டர்பேக், எறியப் பின்வாங்கிய ஆறு முறையும் எதிராளிகள் பாய்ந்து அமுக்கிவிட்டார்கள். ஆறும் என் நோட்டில் ஓட்டமாக ஏறின.

"எறியத்தானேய்யா போனான்! கைய ஓங்கினத நீ பாக்கல?" என்றார் கோச்.

"பாத்தேன், கோச். ஆனா பந்து கையை விட்டுப் போகலியே. பந்தோட விழுந்தா ஓட்டம். இது நம்ம கொள்கை இல்ல, நாடு பூரா பள்ளிக்கூட ஆட்டத்துல அப்படித்தான் எழுதறாங்க."

"அவன் ஒரு அடி ஓடல. மல்லாக்கப் படுத்துக் கிடந்தான்."

"படுத்துக் கிடந்த ஓட்டம், கோச்."

கோச் பையனைக் கூப்பிட்டு, பிடிபடுவதற்கு முன்னால் பந்தை எங்காவது எறிந்துவிட்டுப் பிடிபடச் சொன்னார்.

இரண்டாவது மீறல் நாங்கள் முப்பத்தெட்டுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்த ஆட்டத்தில். எதிரணியால் எங்கள் ஓட்டத்தை நிறுத்த முடியவில்லை, கோச்சாலும் முடியவில்லை. வாரியம் அந்த வெற்றியை வருத்தத்துடன் கவனத்தில் கொண்டு கடும் எச்சரிக்கை அனுப்பியது.

அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை டன்மோருடன் ஆட்டம். பக்கத்து ஊர். ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்குப் போகலாம். எண்ணிக்கை பிசகினால் டெல்மர் க்ரூக் வீட்டுக்குப் போகலாம். அன்று மத்தியானம் அவர் மைதானத்தில் தனியாக நின்று கோடுகளுக்குச் சுண்ணாம்பு போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அது அவருடைய வேலை இல்லை.

சட்டப்படி எங்கள் கொள்கையை நூலகக் கதவில் பொது அறிவிப்பாக ஒட்டியிருந்தோம். டன்மோர்காரர்கள் வந்து படித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் மஞ்சள் தொப்பி போட்ட ஒருவர், எங்கள் ஓட்டத்தையும் வீச்சையும் எண்ணுவதற்கென்றே நின்றார். என் வேலையை இன்னொருவர் செய்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. சுத்தமாகச் செய்தார். அவர்களுக்கு எந்தக் கொள்கையும் இல்லை. ஓடினார்கள், ஓடினார்கள், ஓடிக்கொண்டே இருந்தார்கள்.

தூறல் விழுந்தது. மார்லிஸ் முதல் வரிசையில் கொள்கையை நனையாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் பகுதியில் வெஸ்லி குவார்ட்டர்பேக்கின் முன்னால் குறுக்கே ஓடிவந்து, பந்தை வாங்கிக்கொண்டு பதினாறு கஜம் போனான். கண்ணாடியைத் துடைத்தபடியே 'ஓட்டம்' என்று எழுதிக்கொண்டேன்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் பத்து வினாடி இருக்கும்போது நாங்கள் இருபதுக்குப் பதினேழு என்று முன்னால் இருந்தோம். பந்து எங்களிடம், நான்கு முயற்சியும் மிச்சம். கடிகாரத்தை நிறுத்தச் சொல்லும் வாய்ப்புகளை டன்மோர் தீர்த்துவிட்டது. இந்த நிலைமையில் உலகத்தில் உள்ள எந்த அணியும் ஒன்றே ஒன்றுதான் செய்யும். பந்தை வாங்கி மண்டியிடும். கடிகாரம் நாற்பது வினாடி ஓடும். இன்னொரு முறை மண்டியிட்டால் ஆட்டம் முடிந்தது. எங்கள் வாத்தியக்குழு கருவிகளைப் பையில் போட ஆரம்பித்தது.

நான் கோச்சின் பக்கத்தில் போய் நின்றேன். "இருபத்தொம்போது, இருபத்தொம்போது, கோச்."

"சந்தோஷம். ரெண்டு தடவ மண்டி போட்டுட்டு வீட்டுக்குப் போலாம்."

"மண்டி போடறது ஓட்டம், கோச். முப்பத்தொண்ணு, இருபத்தொம்போதுன்னு ஆயிடும்."

"மண்டி போட்டவன் எங்கய்யா ஓடறான்?"

"கணக்குல ஓடறான்."

அவர் மைதானத்தைப் பார்த்தார். பிறகு முதல் வரிசையில் இருந்த பிளாஸ்டிக் உறையைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"எங்கயாச்சும் ஒண்ணு தப்பா விழுந்திருக்கா, புரட்டிப் பாரேன்."

"என் நோட்டுல தப்பு விழாது, கோச்."

"அப்ப ஒண்ண மாத்திப் போடு. விதி ஏழு இருக்கில்ல? நீ எழுதினதுதானே நடந்தது?"

"அது பொய்யாயிடுமே."

"நீ நல்லவன்ய்யா, ஆர்லன்" என்றார். வியாதிக்காரனைப் பார்த்துச் சொல்வது போலச் சொன்னார்.

முதல் முயற்சியில் பையன் மண்டியிட்டான். ஓட்டம் முப்பது, வீச்சு இருபத்தொன்பது. கடிகாரம் ஓடி முப்பது வினாடிக்கு வந்தது. ஜனங்கள் படி இறங்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது முயற்சியில் பந்தை வாங்கியதும் காலடியில் ஓங்கி அறைந்தான். இதுவும் ஒரு வகை வீச்சுதான். யார் கைக்கும் போகாத வீச்சு என்பதால் கடிகாரம் நின்றுவிடும். நின்றது, இருபத்தொன்பது வினாடியில். நேரம் போகட்டும் என்று ஏங்க வேண்டிய அணி நேரத்தை நிறுத்துவதை டன்மோர் பையன்கள் அதுவரை பார்த்ததில்லை. ஒருவன் எங்கள் பையனிடம் உடம்புக்கு ஏதாவதா என்று விசாரித்தான்.

இப்போது முப்பதுக்கு முப்பது. சமநிலை கிடைத்துவிட்டது, ஆட்டம்தான் முடியவில்லை. இனி ஒன்று செய்தால் அதற்கு ஈடாக மற்றதையும் செய்தாக வேண்டும்.

மூன்றாவது முயற்சியில் பந்தை வேலிக்கு மேலே, வண்டிகள் நிற்கும் இடத்துக்கு எறிந்தான். வீச்சு முப்பத்தொன்று. இருபத்துமூன்று வினாடி.

நான்காவதில் பந்தைத் தூரமாக உதைத்துத் தள்ளியிருக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் உதை எந்தக் கணக்கிலும் சேராது. முப்பதுக்கு முப்பத்தொன்று என்று அப்படியே நின்றுவிடும். ஆக, ஓட வேண்டும். நாங்கள் அணிவகுத்து நிற்கும்போதே மஞ்சள் தொப்பிக்காரர் எதிர்ப்பக்கத்திலிருந்து கத்தினார்:

"டேய், இப்ப ஓட்டம்டா! கொள்கைப்படி ஓட்டம்!"

பதினொரு பேரும் ஓட்டக்காரன் மேல் பாய்ந்தார்கள். அவன் பின்னால், பக்கவாட்டில், வட்டமாக என்று பதினாலு வினாடி இழுத்தடித்துவிட்டு விழுந்தான். முப்பத்தொன்றுக்கு முப்பத்தொன்று. பந்து டன்மோருக்கு. ஒன்பது வினாடி.

டன்மோர் அதுவரை ஐம்பத்திரண்டு முறை ஓடியிருந்தது. ஒரு வீச்சுகூட இல்லை. இப்போது எறிந்தார்கள். அந்தப் பக்கம் ஒருவன் போகிறான் என்பதையே எங்களில் யாரும் கவனிக்கவில்லை. அவன் பந்தைப் பிடித்துக் கடைசிக் கோட்டைத் தாண்டினான், ஆறு புள்ளி. இருபத்துமூன்றுக்கு இருபது.

அத்தோடு ஆட்டம் முடிந்தது. மார்லிஸ் எழுந்து வந்து என் நோட்டை வாங்கிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"துல்லியம்" என்றார்.

சனிக்கிழமை காலையில் வகுப்பறையில் தனியாக உட்கார்ந்து ஆட்டத்தின் படப்பதிவைப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் பகுதியில் வெஸ்லி குறுக்கே ஓடிவந்த இடத்தைப் பதினேழு தடவை பார்த்தேன். குவார்ட்டர்பேக் பந்தை அவன் கையில் கொடுக்கவில்லை. முன்பக்கமாகத் தட்டிவிட்டிருந்தான். அரை அடி தூரம் பந்து காற்றில் இருந்தது. அரை அடி என்றாலும் வீச்சு வீச்சுதான்.

சரியாக எழுதியிருந்தால் கடைசி நிமிடத்தில் கணக்கு ஓட்டம் இருபத்தெட்டு, வீச்சு முப்பது. இரண்டு முறை மண்டியிட்டால் முப்பதுக்கு முப்பது. ஜெயித்திருப்போம், கோச்சின் வேலையும் நிலைத்திருக்கும்.

அதை வெளியே சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் முழு ஆட்டத்தின் உண்மைக் கணக்கு முப்பதுக்கு முப்பத்திரண்டு. அது மூன்றாவது மீறல். கோச் போய்விடுவார். அதனால் பேசாமல் இருந்தேன். அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று ஞாயிற்றுக்கிழமைவரை நம்பினேன். திங்கட்கிழமை அவ்வளவு நிச்சயமாக இல்லை.

செவ்வாய்க்கிழமை வாரியக் கூட்டத்துக்கு ஊரே வந்தது. ராட் ஹாலிக் நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"இந்தக் கிறுக்குத்தனத்த யாருய்யா கொண்டாந்தது?"

மார்லிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவை எடுத்தார். "முதல் கையெழுத்து, ராட் ஹாலிக். ரெண்டாவது…"

"இருங்க, இருங்க. நான் வீச்சு கேட்டேன். சமநிலையா கேட்டேன்?"

"ரெண்டாவது…" என்று மார்லிஸ் தொடர்ந்தார். பத்தாவது பெயருக்குள் எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாற்பத்தோராவது பெயர் வரை அவர் போகவில்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு தீர்மானங்கள் ஒரே மூச்சில் நிறைவேறின. பள்ளி வரலாற்றில் முதன்முறையாக, கடும் நெருக்கடியிலும் பிசகாத சமநிலையை எட்டியமைக்காக டெல்மர் க்ரூக் அவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம். டன்மோரிடம் தோற்றமைக்காக டெல்மர் க்ரூக் அவர்களுக்குப் பணிநீக்கம். இரண்டுக்கும் ஆதரவு ஏழு.

கோச் எழுந்தார். "ரெண்டும் சேந்து வந்ததுல சந்தோஷம், மேடம். ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு." தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். தலைமைப் பயிற்சியாளர் பதவியை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நன்றி என்று வந்தது.

ஏப்ரல் மாதம் தானியக் கிடங்குக்குப் போனேன். அவர் அங்கே லாரிகளை எடை போடும் வேலையில் சேர்ந்திருந்தார். பாராட்டுப் பத்திரத்தை எடைமேடைக்கு மேலே சட்டம் போட்டு மாட்டியிருந்தார். அதைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தூறல், கண்ணாடி, அரை அடி.

ஒரு லாரி வந்து நின்றது. அவர் அதன் எடையை எழுதி அனுப்பிவைத்தார்.

"அப்ப கொள்கைப்படியும் நான் போயிருப்பேன்" என்றார்.

"படத்த அவங்க பாத்திருந்தா, ஆமா."

"உன் நோட்டுல தப்பே விழாதுன்னியேய்யா."

"சொன்னேன், கோச்."

அவர் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் நோட்டு யாரு எழுதறா?"

"யாரும் வரல. சம்பளமில்லாத வேல."

"நான் எழுதறேன்."

வாரியம் உடனே ஒப்புக்கொண்டது. முழுச் சமநிலையை எட்டிய அனுபவம் உள்ள ஒரே மனிதர் அவர்தான் என்று மார்லிஸ் எழுதினார். பச்சை நோட்டு டெல்மர் கைக்கும் பென்சில் அவர் கழுத்துக்கும் போயின.

அந்தப் பருவம் முழுக்க நாங்கள் ஓடினோம். முதல் ஆட்டத்தில் ஐம்பத்துநான்கு முறை ஓடினோம். நோட்டில் இருபத்தேழுக்கு இருபத்தேழு. இரண்டாவதில் அறுபது, முப்பதுக்கு முப்பது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் டெல்மர் நோட்டை நீட்டினார். 'சரிபார்க்கப்பட்டது' என்று நான் கையெழுத்துப் போட்டேன். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த குறும்பு எதுவும் இல்லை. எடை எழுதுகிறவர் மாதிரிதான் எழுதினார். ஆட்டத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்தோம். டாக்டர் ப்ரெஸ்காட் எங்களை உதாரணமாகக் காட்டி நான்கு ஊர்களில் பேசினார். டன்மோர் வாரியம் எங்கள் கொள்கையின் நகல் கேட்டு எழுதியது.

ஒரே ஒரு புகார்தான் வந்தது. ஒரு சனிக்கிழமை ராட் ஹாலிக் சின்னமன் ரோல் வாங்கும் வரிசையில் என்னைப் பிடித்தார்.

"கோச், ஒரு உதவி பண்ணணும். வெஸ்லி பொய் சொல்ல ஆரம்பிச்சிருக்கான்."

"என்ன பொய்?"

"நேத்து நோட்டுல அவனுக்குப் பதினாலு வீச்சு போயிருக்கு. எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா! வீட்டுக்கு வந்து, அப்பா, ஒண்ணுகூட வரலங்கறான். அவங்கம்மாவ வச்சுக்கிட்டே சொல்றான்."

"நீங்க ஆட்டத்துக்கு வந்திருந்தீங்கல்ல, ராட்?"

"முதல் வரிசையில உக்காந்திருந்தேன்." கொஞ்சம் யோசித்தார். "எனக்கும் ஒண்ணும் பாத்த ஞாபகம் இல்லதான். ஆனா நம்ம கண்ணு ஆயிரம் பாக்கும். நோட்டுல இருக்கே, கோச். நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. பையனக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

கண்டிக்கிறேன் என்றேன்.

திங்கட்கிழமை வெஸ்லியை அறைக்குக் கூப்பிட்டுக் கண்டித்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பிறகு, இனிமேல் பந்து வரும்போது கவனமாக இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனான்.